பேசாலைக் கிணறும் காய்ச்சல் பதிவேடும்

2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மன்னார் தீவின் பேசாலையில் கிணறுகளைச் சோதித்த மலேரியாத் தடை இயக்கத்தின் பூச்சியியல் குழுவுக்கு, இலங்கையில் அதுவரை யாரும் பதிவு செய்திராத ஒரு நுளம்பின் குடம்பிகள் கிடைத்தன. அனோபிலிஸ் ஸ்டெபென்சை என்பது அதன் பெயர். சென்னை நகரத்தில் மலேரியாவைப் பரப்பிவரும் அதே நுளம்பு.

இலங்கையில் மலேரியாவை வழக்கமாகப் பரப்பிவந்தது இன்னொரு இனம், அனோபிலிஸ் குலிசிபேசீஸ். ஆறு வற்றும்போது மணலில் தேங்கி நிற்கும் குட்டைகள் அதற்குப் பிடித்தமானவை. பெருநிலத்தில் ஓடும் அருவியாற்றுப் பக்கத்துக்கு அது சரி. ஆறே ஓடாத மன்னார் தீவில் அதற்கு அவ்வளவு வசதி கிடையாது. ஸ்டெபென்சையின் பழக்கம் வேறு. கட்டுக்கிணறு, சீமெந்துத் தொட்டி, கூரைமேல் வைத்த தண்ணீர்த் தாங்கி என்று மனிதர் தமக்காகச் சேர்த்துவைக்கும் தண்ணீரிலேயே அது முட்டையிடும். தீவிலோ வளவுக்கு வளவு கிணறு. ஆபிரிக்காவின் ஜிபுட்டியில் இந்த நுளம்பு 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் 73,535 பேர். அவ்வளவும் இந்த ஒரு நுளம்பின் வேலை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று என்பதில் ஆய்வாளருக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பேசாலைச் செய்தி கேட்டுக் கொழும்பிலும் ஜெனீவாவிலும் கவலைப்பட்டதற்குக் காரணம் இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனின் குழு மன்னார் நுளம்பின் மரபணுவை ஆராய்ந்தது. பிறகு யாழ்ப்பாணத்திலும் அதே நுளம்பு அகப்பட்டது, உவர்த்தன்மையுள்ள தண்ணீரில்கூட.

நுளம்பு வந்துவிட்டது என்பதைப் பூச்சியியலாளர் சொல்லலாம். மலேரியா பரவுகிறதா என்ற கேள்விக்குப் பதில் மனித இரத்தத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் முகாம் போட்டுச் சிலரின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதாது. மாதக்கணக்காக, வருடக்கணக்காக, காய்ச்சலோடு வருகிறவர்களின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் மன்னார் பொது வைத்தியசாலையிலும் தலைமன்னார், பேசாலை, முருங்கன், சிலாவத்துறை ஆஸ்பத்திரிகளிலும் பதிவேடுகளில் ஒவ்வொரு வரியாகச் சேர்கிறது. யாரும் ஆராய்ச்சிக்கென்று எழுதாத பதிவேடுகள் அவை. அவற்றின் பெறுமதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஒரு வரி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். காய்ச்சல்காரர் ஒருவருக்கு மலேரியா பார்க்கச் சொல்லி வைத்தியர் துண்டெழுதுகிறார். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் தடிப்பாக ஒரு பூச்சும் மெல்லியதாக ஒரு பூச்சும் பூசுகிறார்கள். காயவைத்து ஜீம்சா சாயம் ஏற்றுகிறார்கள். தடித்த பூச்சில் இரத்தம் கூட. ஆகவே ஒட்டுண்ணி இருந்தால் அதில் முதலில் அகப்படும். எந்த இன ஒட்டுண்ணி என்று பிரித்தறிய மெல்லிய பூச்சு உதவும். எண்ணெய்த் துளி விட்டு, ஆயிரம் மடங்கு பெருக்கத்தில், நுணுக்குக்காட்டியின் வட்டத்தை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். 'உண்டு' என்று சொல்ல ஓர் ஒட்டுண்ணி கண்ணில் பட்டால் போதும். 'இல்லை' என்று சொல்வதற்குத்தான் நேரமும் பொறுமையும் வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட வட்டங்களைப் பார்த்து முடித்த பிறகே அந்தச் சொல்லை எழுதலாம். பிறகு பதிவேட்டில் திகதி, தகட்டின் இலக்கம், பெயர், வயது, ஊர், முடிவு. இன்றைய மன்னாரில் முடிவு என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ ஒரே சொல்தான்: 'இல்லை'.

ஆஸ்பத்திரியில் எழுதப்படுவது இது மட்டுமல்ல. வாட்டில் அனுமதித்தால் கட்டிலோடு ஒரு பி.எச்.டி. (கட்டில்தலைச் சீட்டு) திறக்கப்படும். காலையும் மாலையும் எடுத்த வெப்பநிலை, கொடுத்த மருந்து, வைத்தியர் பார்வையிட்ட குறிப்பு எல்லாம் அதில் ஏறும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது என்ன நோய் என்று எழுதிய அட்டையைக் கையில் தருவார்கள். நீரிழிவு, பிரஷர்காரர்களிடம் கிளினிக் கொப்பி இருக்கும். டெங்கு போன்ற அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் எழுந்தவுடனேயே எச்-544 என்ற படிவம் நிரப்பப்பட்டுச் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திருக்கக்கூடாது என்பது விதி. அங்கிருந்து பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு தேடி வருகிறார். வாரக் கடைசியில் எல்லாம் சேர்ந்து எச்-399 என்ற அறிக்கையாகக் கொழும்பின் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய், வாராந்த வெளியீட்டில் மாவட்ட வாரியாக அச்சாகிறது. இதற்கெல்லாம் அடிப்படையான தொற்றுத் தடைச் சட்டம் 1897இல் வந்தது. நூற்றாண்டு தாண்டிய ஒழுங்கு.

இப்படி, சிகிச்சைக்காகவும் நிர்வாகத்துக்காகவும் அன்றாடம் சேர்கிற தரவை ஆராய்ச்சிக்கு எடுத்துப் பயன்படுத்துவதே இங்கே பேசப்படும் விடயம். புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் ஆய்வு வேறு மாதிரியானது. அதில் கேள்வி முதலில் வரும். கேள்விக்கேற்ற ஆட்களைத் தெரிந்து, கேள்விக்கேற்ற அளவீடுகளை எடுப்பார்கள். அன்றாடத் தரவில் எல்லாம் தலைகீழ். தரவு முதலில் கிடக்கிறது. கேள்வி பிறகு வருகிறது. அதனால் செலவு குறைவு. ஆட்களின் தொகை பெரிது. சோதனை ஆய்வுகளில் வழக்கமாகச் சேர்க்காத கர்ப்பிணிகளும் முதியோரும் பல நோய் உள்ளவர்களும் இதில் இருப்பார்கள். இடறிவிழ வேண்டிய இடங்களும் அதே அளவுக்கு உண்டு. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

இலங்கையின் மலேரியா வரலாறே இந்தப் பதிவேடுகளின் வரலாறுதான். 1934–35இல் ஆறுகள் வற்றிய வரட்சியோடு வந்த கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. டி.டி.ரி. தெளிப்புக்குப் பிறகு நோய் சரிந்துகொண்டே போய், 1963இல் நாடு முழுவதற்குமாக 17 நோயாளர்தான் பதிவானார்கள். வெற்றி என்று நினைத்தார்கள். தெளிப்பு நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. ஒரு தலைமுறை கழித்து, 1999இலும் 2 இலட்சத்து 64 ஆயிரம் பேர். போர் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் பெரும் பங்கைச் சுமந்தன. மன்னாரில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் குளிர்காய்ச்சலையும் கசப்புக் குளிசையையும் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

முன்பெல்லாம் காய்ச்சல் என்றாலே மலேரியாக் குளிசையைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். இரத்தம் பார்த்து உறுதிப்படுத்திய பிறகே சிகிச்சை என்ற முறை இறுகியபோதுதான் பதிவேடு பேசத் தொடங்கியது. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த வயதினரிடம், எந்த இன ஒட்டுண்ணி என்று தெரிந்தது. நோயாளர் சில நூறுகளாகக் குறைந்த கட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆராயப்பட்டார்: முன்னைய வாரங்களில் எங்கே படுத்தார், எங்கே வேலைக்குப் போனார், அயலில் யாருக்குக் காய்ச்சல். போர் முடிந்த பின் மன்னார் உள்ளிட்ட மாவட்டங்களில் மலேரியாத் தடை இயக்கத்தோடு சேர்ந்து ரெடா என்ற அமைப்பின் நடமாடும் குழுக்களும் மீள்குடியேறிய கிராமங்களுக்குப் போய் இரத்தம் பார்த்தன. நாடு மலேரியா அற்றது என்று அறிவிக்கப்படுமுன் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார்.

அதன் பிறகு உள்நாட்டுத் தொற்றுக்குப் பூச்சியங்கள். இங்கேதான் ஒரு நுட்பமான விடயம் இருக்கிறது. மலேரியா உண்மையில் இல்லாவிட்டாலும் பூச்சியம் வரும். யாரும் இரத்தம் பார்க்காவிட்டாலும் பூச்சியம் வரும். இரண்டும் அறிக்கையில் ஒரே மாதிரித்தான் அச்சாகும்.

இதைப் பிரித்தறிய ஓர் எளிய கணக்கு உண்டு. புள்ளிவிபரவியலாளர் அதை மூன்றின் விதி என்பார்கள். ஒரு கூட்டத்தில் குறிப்பிட்ட தொகையினரைச் சோதித்து ஒருவருக்கும் நோய் இல்லை என்று வந்தால், 3ஐ அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். உண்மையான நோய் வீதம் அந்த விடையைத் தாண்டாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லலாம். 30 பேரைப் பார்த்துப் பூச்சியம் என்றால் பத்தில் ஒருவருக்குக்கூட நோய் இருக்க வாய்ப்புண்டு. 300 பேரைப் பார்த்துப் பூச்சியம் என்றால் நூறில் ஒருவர் வரை. 3,000 பேர் என்றால் ஆயிரத்தில் ஒருவர் வரை. அந்த 3,000 பேர் யார் என்பதும் முக்கியம். தீவை விட்டு வெளியே போகாதவர்களாகவே தெரிந்தெடுத்துச் சோதித்துவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களையும் ஆபிரிக்காவில் வேலை செய்து வந்த இளைஞர்களையும் விட்டுவிட்டால் அந்தப் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை. ஆகவே பேசாலை ஆய்வுகூடத்தில் எழுதப்படும் ஒவ்வொரு 'இல்லை'யும் ஓர் ஆராய்ச்சித் தரவு. அந்த வரி எழுதப்படாவிட்டால் பூச்சியியலாளர் கிணற்றில் கண்டதன் பொருளை யாராலும் சொல்ல முடியாது.

கவலைக்கு ஆதாரமும் வந்தது. 2018 டிசம்பரில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் மலேரியா, உள்ளூர் நுளம்பு வழியாக அங்கே இருந்த ஒருவருக்குத் தொற்றியது. மலேரியா ஒழிந்த நாடு என்ற அறிவிப்புக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பழகிய ஒழுங்கு உடனே வேலை செய்தது. சுற்றுவட்டாரம் முழுக்க இரத்தம் பார்த்து, மருந்து தெளித்து, பரவாமல் தடுத்தார்கள்.

மன்னாரிலிருந்து மதவாச்சி வழியாகப் போனால் வரும் அனுராதபுரம் ஆஸ்பத்திரியில் இன்னொரு கதை நடந்தது. இந்தத் தீவில் ஆஸ்பத்திரித் தரவு செய்த மிகப் பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். 1990களில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் நின்றது. கிராமங்களில் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் வயலுக்கு வாங்கி வைத்த கிருமிநாசினி. ஒரு கணக் கோபத்தில், ஒரு மாலைச் சண்டைக்குப் பிறகு கைக்கு எட்டியது அது. அனுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் இலங்கை மருத்துவர்களும் மைக்கேல் எடில்ஸ்டன் போன்ற வெளிநாட்டு ஆய்வாளரும் சேர்ந்து, நஞ்சுண்டு அனுமதிக்கப்படும் ஒவ்வொருவரையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். எந்தக் கிருமிநாசினி, எத்தனை மணிக்கு வந்தார், என்ன சிகிச்சை, பிழைத்தாரா. வாட்டில் எழுதுவதையே கொஞ்சம் ஒழுங்காக எழுதவைத்தார்கள், அவ்வளவுதான். 2002 முதல் 2008 வரை 9,302 நோயாளர்.

அந்தத் தரவைப் பிரித்துப் பார்த்தபோது வந்த முடிவு பலரின் எண்ணத்தை மாற்றியது. உயிர் பிழைப்பதைத் தீர்மானித்ததில் பெரிய பங்கு போத்தலுக்குள் இருந்த இரசாயனத்துக்கு. சில கிருமிநாசினிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. இன்னொன்றில் நூறு பேரில் நாற்பதுக்கு மேல். கடையில் அருகருகே அடுக்கியிருக்கும் போத்தல்களுக்கு இடையில் இவ்வளவு வேறுபாடு. விலங்குகளில் செய்த நச்சுச் சோதனையை வைத்து கிருமிநாசினிகளைத் தரம் பிரித்த உலக அட்டவணை இதை முழுதாகக் காட்டவில்லை. வாட்டு காட்டியது. மோனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் முதலியவை 1995இலேயே தடைசெய்யப்பட்டிருந்தன, என்டோசல்பான் 1998இல். 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதொயேட், பென்தியன் ஆகியவையும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அந்த முதல் தடைகளுக்குப் பின், 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24. பாதி. நெல் விளைச்சல் அதனால் குறையவில்லை என்பதையும் தனியே ஆராய்ந்து காட்டினார்கள். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற முருங்கன், நானாட்டான் பக்கத்துக் குடும்பங்களில் இன்று உயிரோடிருக்கும் எத்தனையோ பேர், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பி.எச்.டி.க்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

தரவு இவ்வளவு நல்லது செய்யும் என்றால் அதை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. ஆஸ்பத்திரித் தரவு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசும்.

பாம்புக்கடி இதற்கு நல்ல சான்று. 2012–13இல் இலங்கை முழுவதும் 44,136 வீடுகளில் 1,65,665 பேரிடம் நேரே விசாரித்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதன்படி ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கணக்குக் காட்டியது இதைவிட மிகக் குறைவு. மீதிப் பேர் எங்கே? விஷகடி வைத்தியரிடம் போனவர்கள், வீட்டிலேயே தங்கியவர்கள், வழியில் இறந்தவர்கள். சுருட்டை விரியன் திரியும் மன்னார் மணலில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் வசிக்கும் ஊர்களில், வாட்டுப் பதிவேட்டை மட்டும் வைத்து மருந்து எவ்வளவு தேவை என்று கணக்கிட்டால் கணக்குப் பிழைக்கும்.

அதே பாம்புக்கடியில் இன்னொரு பொறியும் உண்டு. விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டவர்களையும் ஏற்றப்படாதவர்களையும் பதிவேட்டில் பிரித்து இறப்பை எண்ணினால், மருந்து ஏற்றியவர்களே கூடுதலாக இறந்ததாகத் தெரியக்கூடும். மருந்து கொல்கிறது என்று அதற்குப் பொருளில்லை. விஷம் ஏறி ஆள் மோசமான பிறகே மருந்து ஏற்றுகிறார்கள். விஷம் ஏறாதவர் அவதானிப்பில் ஒரு நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே சமமானவை அல்ல. வந்தபோது நோயாளரின் நிலை எப்படி, இரத்தம் உறையும் நேரம் எவ்வளவு, கடித்து எத்தனை மணித்தியாலம் என்பவை எழுதப்பட்டிருந்தால்தான் சமமானவரோடு சமமானவரை ஒப்பிட முடியும். எழுதப்படாத ஒன்றை எந்தக் கணினியாலும் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மன்னாருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மோசமான நோயாளரை இங்கிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்புகிறார்கள். அவர் அங்கே இறந்தால் இறப்பு அந்த ஆஸ்பத்திரியின் கணக்கில் ஏறும். மன்னார்க் கணக்கில் 'மாற்றி அனுப்பப்பட்டார்' என்பதோடு கதை முடியும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மன்னார் ஆஸ்பத்திரி மிகப் பாதுகாப்பானதாகவும் யாழ்ப்பாணம் ஆபத்தானதாகவும் தெரியும். இரண்டு ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை ஒரே ஆளுடையவை என்று இணைக்கும் இலக்கம் இருந்தால்தான் முழுக்கதை தெரியும். நோய்க் குறியீட்டின் பிரச்சினை வேறு. சர்வதேச நோய் வகைப்பாட்டில் காரணம் குறிப்பிடாத காய்ச்சலுக்கு ஆர்-50 என்ற குறியீடு. அவசரத்தில் இருக்கும் வாட்டுக்கு அது வசதியானது. அந்தப் பெட்டிக்குள் ஒருவேளை எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் ஒளிந்திருக்கலாம், மலேரியாவும் இருக்கலாம். மலேரியாவை நேரில் கண்டிராத இளம் வைத்தியர்கள் இப்போது கூடிவருகிறார்கள். காய்ச்சல் என்றால் அவர்களுக்கு முதலில் நினைவு வருவது டெங்கு.

அன்றாடத் தரவின் பயனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நீரிழிவு கண்ணின் விழித்திரையைத் தாக்குவதைப் படத்தில் கண்டறியக் கணினியைப் பழக்கிய கூகுள் ஆய்வு 2016இல் வெளிவந்தது. 1,28,175 விழித்திரைப் படங்களை வைத்து அதைப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அந்தப் படங்களில் ஒரு பகுதியைத் தந்தன. வழக்கமான கண் பரிசோதனைக்கு வந்தவர்களின் படங்களே அவை.

அப்படியானால் தரவு யாருடையது? இந்தக் கேள்வியை மன்னாரில் இலேசாகக் கேட்க முடியாது. இந்தக் கரையின் மக்கள் தங்கள் பெயரை எத்தனையோ பட்டியல்களுக்குக் கொடுத்தவர்கள். காலனிக் காலத்தில் தோட்டத்துக்குப் போன தொழிலாளரை எதிர்க்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசு தடுத்து நிறுத்தி, உடம்பைச் சோதித்து, பதிவு செய்துதான் கப்பலேற்றியது. அதே மண்டபம் பிற்காலத்தில் தலைமன்னாரிலும் பேசாலையிலும் வள்ளமேறிப் போனவர்களின் அகதி முகாமாயிற்று. 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் பல முறை இடம்பெயர்ந்த தமிழரும் ஒவ்வொரு இடத்திலும் மீண்டும் மீண்டும் பதியப்பட்டார்கள். பதிவு என்றால் சந்தேகம் எழுவது இங்கே நியாயமானது. ஆராய்ச்சியாளர் அதை மதித்தே தொடங்க வேண்டும்.

பெயரை அழித்துவிட்டோம், இனி அடையாளம் தெரியாது என்று சொல்வது பெருநகரத்துக்கு ஓரளவு பொருந்தலாம். ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழும் மன்னார் மாவட்டத்துக்குப் பொருந்தாது. சிலாவத்துறை, ஆண், 34 வயது, சங்கு குளிப்பவர், மூச்சுத்திணறலும் கால் மரத்துப்போனதுமாக அனுமதி, ஜூன் மாதம். பெயர் இல்லை. ஆனால் ஊரில் யாரிடம் இந்த வரியைக் காட்டினாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். மனநோய், காசநோய், எச்.ஐ.வி. என்றால் அது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே பாதிக்கும். ஆகவே வயதைப் பத்தாண்டுத் தொகுதியாக்குவது, ஊருக்குப் பதில் பிரதேச செயலாளர் பிரிவைத் தருவது, ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கைகளை அச்சிடாமல் விடுவது, தரவை வெளியே அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்து ஆராயவிடுவது போன்ற வழிகளைக் கையாள வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைக் கூடுதல் காப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. பழைய பதிவேடுகளில் உள்ள ஆயிரக்கணக்கானோரைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க முடியாது. அப்படிப்பட்ட ஆய்வை அனுமதிப்பதா என்று ஒழுக்கநெறிக் குழு ஆராய்ந்து தீர்மானிக்கும். அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் அமர வேண்டும். இவ்விடத்துக்குப் பொருத்தமான குழுவில் ஒரு மீனவச் சங்கத்துக்காரரோ கிராமத்து ஆசிரியையோ இருப்பது நல்லது என்பது என் கருத்து.

நம்பிக்கை போனால் நல்ல திட்டமும் விழுந்துவிடும். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளை ஒன்றுசேர்க்க 2013இல் அறிவித்த கேர்.டேட்டா திட்டத்தை 2016இல் கைவிட்டார்கள். மக்களிடம் ஒழுங்காக விளக்காமல் தொடங்கியது அதன் பெரிய பிழை. அதே இங்கிலாந்தில் 2020இல், கொவிட் நோயாளரிடம் நடத்திய ரிகவரி ஆய்வு அன்றாட ஆஸ்பத்திரிப் பதிவுகளோடு இணைத்து நடத்தப்பட்டதால், டெக்ஸாமெதசோன் என்ற விலை குறைந்த பழைய மருந்து உயிர் காக்கும் என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. அந்த மருந்து இலங்கை ஆஸ்பத்திரிகளிலும் பயன்பட்டது.

மன்னாரில் எடுக்கும் தரவின் முடிவு மன்னாருக்குத் திரும்பி வர வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். பி.எச்.டி. ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஆய்வுக் கட்டுரையும் ஆங்கிலத்தில் அச்சாகிறது. தன் இரத்தத்திலிருந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று பேசாலைக் கிழவி அறிய வழியில்லை. ஆய்வு முடிந்ததும் ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் வெளிநோயாளர் பிரிவுச் சுவரிலும் கோவில், தேவாலய, பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும். பெரிய செலவில்லாத வேலை. ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும்போதே அதை நிபந்தனையாக எழுதிவிடலாம். அதோடு பழைய மலேரியாப் பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன் படமெடுத்துப் பாதுகாக்கப்பட வேண்டும். ஒரு நோய் ஒழிந்த விதத்தை நாளும் ஊருமாக எழுதிவைத்த ஆவணம் உலகில் எல்லா இடத்திலும் கிடைக்காது.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்த ஒருவருக்கு வீட்டில் காய்ச்சல் கண்டால், பயணத்தை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வந்து மாதக்கணக்கானாலும் சொல்லுங்கள். விவாக்ஸ் வகை ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடந்து ஒரு வருடம் கழித்தும் எழும்பும். மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள் என்று நீங்களாகவே கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை.